முந்நூற்றெண்பது கிராம்

மூன்றையும் ஒன்றாகக் கேட்டது என் தப்புதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் போகப் போக நான் என்னைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டிக்கொள்ளப் பார்ப்பேன், நம்பிவிடாதீர்கள்.

என் பெயர் லோகநாதன். ஊர் மேட்டுப்பாளையம். ஒரு கட்டுமானக் கம்பெனிக்குப் பாலம், தண்ணீர்த் தொட்டி, மேம்பாலத் தூண் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கிற வேலை. வாரத்தில் மூன்று நாள் அன்னூர், சத்தி, பவானிசாகர் என்று வேலை நடக்கிற இடத்துக்கு பஸ் ஏறிப் போக வேண்டும். வீட்டில் இருக்கிற நாட்களில் சாயங்காலம் ஆறு மணி அடித்தால் விளையாட வேண்டும். பனிமலையில் சரக்கு லாரி ஓட்டுகிற விளையாட்டு. முப்பத்தாறு வயசில் இதெல்லாம் தேவையா என்று என் மாமனார் கேட்டதுண்டு. தேவைதான். பகலெல்லாம் அடுத்தவன் பாலத்தை வரைகிறவனுக்கு மூன்று மணி நேரம் சொந்தமாக ஒரு லாரி வேண்டாமா?

அப்போது என்னிடம் இருந்த லேப்டாப் மூன்றரை கிலோ. சார்ஜரோடு சேர்த்து நாலே கால். இடது தோள் ஒரு பக்கம் இறங்கி, போட்டோவில் நான் எப்போதும் சாய்ந்தே நிற்பேன். விளையாடினால் அதன் விசிறி மாவு மில் மாதிரி இரையும். எங்களுக்கு இரண்டே அறை. முன்னறையில்தான் என் மனைவி சுகந்தி திரை வழியாகப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறாள். வெக்கை அவளுக்கு ஆகாது. ஏறினால் ஒற்றைத் தலைவலி வந்து இரண்டு நாள் எழுந்திருக்க மாட்டாள்.

"ஏனுங்க, அந்த அடுப்பைக் கொண்டுபோய் வேற எங்கயாச்சும் வெய்யுங்க. எனக்கு மண்டை காயுது" என்று ஒருநாள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கோயமுத்தூர் காந்திபுரத்துக்குப் போனேன். கடைக்காரர் பெயர் மதிவாணன். பொறுமைசாலி.

"வேலைக்குங்களா, வெளையாட்டுக்குங்களா, தூக்கிட்டுத் திரியறதுக்குங்களா?"

"மூணுக்கும்."

சிரித்துவிட்டார். "மூணுல ரெண்டுதானுங்க கெடைக்கும். வேலையும் வெளையாட்டும் வேணும்னா செங்கல்லாட்டம் கனக்கும். எடை கம்மியா வேணும்னா, வெளையாடறப்ப திணறும். எல்லாம் சரியா இருக்கறது வேணும்னா..." என்று இழுத்து, என் முகத்தைப் பார்த்து, மேஜைக்குக் கீழேயிருந்து ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நோட்டுப் புத்தகம் கனம்கூட இல்லை.

"முந்நூத்தி எம்பது கிராம்" என்றார்.

"இதுல என் லாரி ஓடுமா?"

"பறக்கும். லேப்டாப் எதுக்குங்க கனக்குது? உள்ள கெளம்பற சூட்டை வெளிய தள்ளறதுக்குத்தான் பாதி எடை. அந்த மூளையவே வெளிய எடுத்து வெச்சுட்டா? உங்க கையில வெறும் திரையும் எழுத்துப் பலகையும்தான். மூளை ஒரு பெட்டிக்குள்ள, வேற ஒருத்தர் வீட்ல இருக்கும். அம்பது கிலோமீட்டருக்குள்ள இருக்கோணும். தாண்டினா வெளையாட்டு இழுக்கும்."

"யார் வீட்ல?"

"கம்பெனி பாத்து வெக்கும். பொண்ணைக் கட்டிக்குடுத்த மாதிரி நெனச்சுக்குங்க. பெட்டி புகுந்த வீட்ல இருக்கும். கம்பெனியே தனியாக் கரண்டு லைன் இழுத்துக் குடுத்துரும். நீங்க வேலை செஞ்சா பெட்டியில பச்சை விளக்கு எரியும், லேசா வெதுவெதுன்னு இருக்கும். வெளையாடினா ஆரஞ்சு விளக்கு. அப்ப நல்லாவே சூடேறும். அந்தச் சூடு உங்க மடியில இல்ல, பாத்துக்குங்க."

அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டே போனார். வீட்டுக்காரங்க, சேதி, நீங்களும் வேணும்னா என்று துண்டு துண்டாகக் காதில் விழுந்தது. நான் எங்கே கேட்டேன்? அதை வலது கையிலிருந்து இடது கைக்கும் இடது கையிலிருந்து வலது கைக்கும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு நிமிஷம் காது கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆவணியில் வாங்கினேன். ஐந்து மாதம் ராஜ வாழ்க்கை. தோள் நிமிர்ந்தது. சுகந்தியின் தலைவலி நின்றது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாலம் வரைந்தேன். சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை, ஒருநாள் விடாமல், பனிமலையில் லாரி ஓட்டினேன். அந்த விளையாட்டில் ஒரு தொல்லை உண்டு. வண்டியை ரொம்ப நேரம் நிறுத்திவைத்தால் குளிரில் என்ஜின் உறைந்துவிடும். அதனால் எழுந்துபோகும்போதுகூட வண்டியை ஓடவிட்டுத்தான் போவேன். ஒரு சத்தம் இல்லை, ஒரு சூடு இல்லை. சூடு எங்கே போகிறது என்று நான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

தை மாதம் பாதியில் ஒருநாள் மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சுகந்தி செய்தி ஒன்றைக் காட்டினாள். தெற்கே ஏதோ ஒரு நகரம். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை வீடு. மூலையில் இதே மாதிரி ஒரு பெட்டி. அந்த வீட்டுப் பெண்மணி சூடு தாங்காமல் மயங்கி விழுந்து, அடுப்பில் கை பட்டு வெந்துபோயிருந்தது. பெட்டியின் சொந்தக்காரர் யாரோ ஒருவர் அந்நேரம் விளையாடிக்கொண்டிருந்தாராம்.

"உங்க பெட்டியும் இப்பிடித்தான் எங்கயாச்சும் இருக்குமுங்களா?" என்றாள்.

தட்டைத் தள்ளி வைத்தேன். நான் பிறந்து வளர்ந்தது காரமடையில், சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. சித்திரை மாத மத்தியானத்தில் அம்மா தரையில் தண்ணீரை ஊற்றி அந்த ஈரத்திலேயே படுத்துக்கொள்வாள். என் தம்பிக்கு முதுகெல்லாம் வேனல் கட்டி. சூடு என்றால் என்னவென்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அந்தச் சூட்டைத்தான் நான் தினமும் மூன்று மணி நேரம் யாரோ ஒருத்தி வீட்டில் கொட்டியிருக்கிறேன், காலை நீட்டி உட்கார்ந்து லாரி ஓட்டிக்கொண்டு. அடப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அன்றைக்கே விளையாட்டை விட்டேன். அதோடு நிற்கவில்லை. கனமான வரைபடங்களையும் கம்பெனி ஆபீசுக்குப் போய் அங்கிருந்த கம்ப்யூட்டரில் வரைய ஆரம்பித்தேன். வீட்டில் வெறும் கடிதப் போக்குவரத்து மட்டும். பள்ளிக்கூட நண்பர்கள் குழுவில், "என் சுகத்துக்காக இன்னொருவர் வீட்டைக் கொதிக்க வைக்க மாட்டேன்" என்று எழுதிப் போட்டேன். அறுபத்து மூன்று பேர் கைகூப்பினார்கள். உச்சி குளிர்ந்துவிட்டது. இரண்டு பேர் அவர்களும் விட்டுவிடுவதாக எழுதினார்கள். அவர்கள் பெட்டிகள் எங்கே இருந்தனவோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

இரண்டாம் நாள் சாயங்காலம் லேப்டாப்பின் மூலையில் ஒரு செய்தி வந்தது.

"அண்ணே, இன்னிக்கி வெளாடலியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது எல்லாக் கம்பெனியும் இப்படித்தானே பேசுகிறது? ஒரு வாரம் பிரியாணி வாங்காவிட்டால், "மச்சி, என்னை மறந்துட்டியா?" என்று பிரியாணிக் கடை அழுகிறது. துணிக்கடை என்னை மாமா என்று கூப்பிடுகிறது. இதுவும் அந்த வகைதான், ஆளை மறுபடி இழுக்கப் பார்க்கிறான் என்று தள்ளிவிட்டேன்.

ஐந்தாம் நாள் இன்னொன்று. "சாயங்காலம் ஒரு மணி நேரமாச்சும் வெளாடுங்கண்ணே. புண்ணியமாப் போகும்."

"புண்ணியமாம்! என்ன திமிர் பாரு இவனுங்களுக்கு" என்று சுகந்தியிடம் காட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. இரண்டு தடவை படித்தாள். "எனக்கென்னமோ இது ஆள் எழுதின மாதிரி தெரியுதுங்க."

"பிரியாணிக்கடை அனுப்பறது மட்டும் ஆள் எழுதின மாதிரி இல்லையா?"

"அது வேற மாதிரி இருக்குமுங்க" என்றாள். நான் காதில் வாங்கவில்லை.

ஒன்பதாம் நாள், "அண்ணே, எங்க மேல எதும் கோவமா?" என்று வந்தது. எனக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. ஒரு மனுஷன் திருந்த நினைத்தால் விடமாட்டேன் என்கிறார்களே என்று, அந்தச் செய்திகள் இனி என் கண்ணிலேயே படாதபடி தடுத்துப் போட்டேன். அப்பாடா என்று இருந்தது.

இருபத்து மூன்றாம் நாள் மதிவாணன் போன் செய்தார்.

"சார், உங்க பெட்டி இருக்கற வீட்டுக்காரங்க அது வேண்டாங்கறாங்க. நாளைக்குப் போய் எடுத்துட்டு வரோணும். உங்களுக்கு வேற வீடு பாத்துத் தர்றேன்."

பாவம், அவ்வளவு பட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். "நானும் வரட்டுமாங்க? அவங்களப் பாத்து ஒரு மன்னிப்புக் கேக்கணும்."

"மன்னிப்பா?" கொஞ்சம் யோசித்தார். "வழக்கமாக் கூட்டிட்டுப் போறதில்லீங்க. சரி, வாங்க. காலைல ஏழு மணிக்கு பஸ் ஸ்டாண்டுகிட்ட நில்லுங்க."

வெறுங்கையோடு எப்படிப் போவது? அன்று மாலையே கடைவீதிக்குப் போனேன். ஆப்பிள், மாதுளை இரண்டு கிலோ. அப்புறம் அவர்களுக்கு நிஜமாகவே உபயோகப்படுகிற மாதிரி ஒரு டேபிள் ஃபேன். நல்லதாக, மூன்று வேகம் உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். வாங்கும்போது என் கண் லேசாகக் கலங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவ்வளவு நல்லவன் நான்.

மறுநாள் காலை மதிவாணனின் வண்டியில் ஃபேன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"வீட்டுக்குங்களா?" என்றார்.

"இல்லீங்க, அவங்களுக்கு."

"ஃபேனா?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். பவானி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் கோத்தகிரி ரோட்டில் திரும்பினார்.

"ஏனுங்க, மலைக்கா போறோம்?"

"ஆமாங்க. நம்ம கம்பெனி பெட்டியெல்லாம் மலைமேலதான் இருக்குது. வெயில்ல வெச்சா பெட்டி சீக்கிரம் போயிருமே. பட்டணத்துல, தகரக் கொட்டாயில எல்லாம் வெக்கறது வேற கம்பெனிங்க. வாங்கறப்பவே சொன்னேனுங்களே?"

சொல்லியிருப்பார். முதல் கொண்டை ஊசி வளைவில் எனக்கு வந்த நினைப்பு என்ன தெரியுமா? அட, அப்படியானால் நான் விளையாடியிருக்கலாமே, இருபத்து மூன்று நாள் வீணாய்ப் போயிற்றே என்பதுதான். நான் யார் என்று இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. ஆறாவது வளைவில் ஜன்னலை ஏற்றினேன். கோத்தகிரி தாண்டும்போது பல் கிட்டியது. மடியில் ஃபேன்.

தேயிலைச் சரிவுக்கு நடுவே வரிசை வீடுகள். மணி ஒன்பதரை. நிழல் விழுந்த பக்கத்துப் புல்லில் இன்னும் வெள்ளையாகப் பனி ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது வீட்டின் கதவைத் தட்டினார். ஃபேனை வண்டியிலேயே விட்டுவிட்டுப் பழப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன்.

கதவைத் திறந்தது முப்பது வயசு மதிக்கத்தக்க ஓர் ஆள். பெயர் சந்திரபோஸ், பிக்கப் வண்டி ஓட்டுகிறாராம். உள்ளே ஒரே புகை. இரும்புக் கணப்புச் சட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது. கட்டிலில் அவர் மனைவி சிவபாக்கியம் இரண்டு கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கம்பளிக்குள், நெஞ்சோடு நெஞ்சாக, கம்பளித் தொப்பி போட்ட ஒரு குழந்தைத் தலை. சாத்துக்குடியைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

மூலையில் என் பெட்டி. முதல் முறையாக அப்போதுதான் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் நெற்றியில் காய்ந்துபோய் இருந்தன. மேலே பூப்போட்ட துணி விரித்திருந்தார்கள். நேர் மேலே உத்தரத்தில் தூளி கட்டுகிற கொக்கி. தூளி இல்லை. விளக்கு எதுவும் எரியவில்லை.

"இவருதாங்க லோகநாதன்" என்றார் மதிவாணன்.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

"வெளாட்டண்ணேயா?" என்று எழுந்திருக்கப் போனாள். "உக்காருங்கண்ணே. உடம்புக்கு முடியலையா உங்களுக்கு? ஒருநாளும் தவறாம ஆறு மணிக்கு ஆரஞ்சு விளக்கு எரியும். திடீர்னு நின்னு போச்சு. பச்சைகூட சரியா எரியல. நாங்க என்னமோ ஏதோன்னு பயந்துட்டோம்."

நான் வாயைத் திறந்தேன். "ஆமாம்மா. காய்ச்சல்" என்று வந்தது.

"பாத்தீங்களா, நான் சொன்னேன்ல?" என்று கணவனைப் பார்த்தாள். "இவரு, அந்த ஆளுக்கு அலுத்துப்போச்சு, வேற எதையாச்சும் வாங்கியிருப்பாருன்னு சொன்னாரு. எனக்கு மனசு கேக்கல. மெலிஞ்சுதான் போயிருக்கீங்க."

நான் ஒரு கிலோ கூடியிருந்தேன்.

பிறகு அவளே எல்லாம் சொன்னாள். குழந்தை எட்டாம் மாதத்தில், தைப் பொங்கலுக்கு முதல் நாள் பிறந்தது. ஒன்றே முக்கால் கிலோ. பெரியாஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து, அறை மட்டும் கதகதப்பாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஆபத்து என்று சொல்லி அனுப்பினார்கள். ஹீட்டர் போட்டால் வரிசை வீடு முழுக்க ஃபியூஸ் போய்விடும். கரி மூட்டினால் புகை குழந்தைக்கு ஆகாது. என்ன செய்வது என்று முழித்தபோது, இந்தப் பெட்டி இருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

"பெட்டிக்கு மேல தூளியக் கட்டினோம்ணே. நீங்க ஆறு மணிக்கு ஆரம்பிச்சா ஒம்பது வரைக்கும் நல்ல சூடு. கல்லுச் சொவரு அதப் புடிச்சு வெச்சுக்கும், விடிய விடியத் தாங்கும். பாப்பா சொகமாத் தூங்கினா. நாலு நாள்தான். அஞ்சாம் நாளு விளக்கு எரியல." குழந்தையின் தொப்பியை இழுத்துவிட்டாள். "ரெண்டு வாரம் எப்பிடியோ ஓட்டினோம். அப்பறம் நெஞ்சுல சளி கட்டி, மூச்சு இழுத்து, நெகமெல்லாம் நீலமாப் போச்சு. எட்டு நாள் ஆஸ்பத்திரி. முந்தாநாள்தான் வந்தோம். பொழச்சுட்டா. நுரையீரல் வீக்காத்தான் இருக்குமாம், ரெண்டு வயசு வரைக்கும் பாத்துக்கணுமாம். வேற வழியில்லாமத்தான் இப்ப இந்தக் கரி."

என் கையிலிருந்த பழப்பையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அப்போதும் உண்மையைச் சொல்லும் தைரியம் வரவில்லை. காய்ச்சல்காரனாகவே உட்கார்ந்திருந்தேன்.

பெட்டியை வைக்க வண்டியில் இடம் பண்ணப் போயிருந்த போஸ் வாசலில் வந்து நின்றார். கையில் அட்டைப் பெட்டி.

"சார், இந்த ஃபேன் யாருக்கு? இத நவுத்தாத்தான் எடம் பத்தும்."

மதிவாணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "உங்களுக்குத்தாங்க. சார் வாங்கிட்டு வந்தாரு" என்றார் மெதுவாக.

போஸ் சிரித்துவிட்டார். ஃபேன் படம் போட்ட அட்டையையும் வெளியே இருந்த பனியையும் மாறி மாறிப் பார்த்து, "எங்களுக்கா?" என்றார்.

சிவபாக்கியம் சிரிக்கவில்லை. ஃபேனிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"நாங்க இங்க வெந்துபோறோம்னு நெனச்சீங்களாண்ணே?"

நான் தலையாட்டினேன்.

"அப்ப காய்ச்சல் இல்ல."

"இல்லம்மா. ஒரு செய்தி பாத்தேன். சூட்டுல ஒரு அம்மா மயங்கி விழுந்துட்டாங்கன்னு. உங்களக் கொடுமைப்படுத்தக் கூடாதுன்னுதான் நிறுத்தினேன்."

"நான்தான் தெனமும் கேட்டேனே."

"அது நீங்கன்னு தெரியாதும்மா. கம்பெனி அனுப்பற விளம்பரம்னு நெனச்சுட்டேன்."

"கம்பெனி எதுக்குண்ணே புண்ணியம்னு சொல்லப் போகுது?" என்றாள்.

போஸ் ஃபேனைக் கீழே வைத்தார். அவருக்குக் கோபம் இல்லை, கேலிதான். அதைத்தான் தாங்க முடியவில்லை. "நீங்க வெளாண்டுட்டுத் திரிஞ்ச வரைக்கும் எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல சார். நீங்க திருந்தினதுதான் ஆகல" என்றார்.

"சும்மாருங்க" என்று அவரை அதட்டினாள். பிறகு என்னிடம், "நல்ல மனசுலதான் செஞ்சிருக்கீங்க. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ஒரு வார்த்த எங்களக் கேட்டிருக்கலாம்லண்ணே?"

நான் கெஞ்சினேன். பெட்டியைத் திருப்பித் தராதீர்கள், இன்றைக்கே ஆரம்பிக்கிறேன், ஆறு மணிக்கு இல்லை நாலு மணிக்கே உட்காருகிறேன், லீவு போட்டாவது விளையாடுகிறேன் என்றேன். ஒரு வளர்ந்த மனுஷன் இன்னொருவர் வீட்டில் நின்று, விளையாட அனுமதி கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டது உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

அவள் தலையசைத்துவிட்டாள். "வேணாம்ணே. நாளைக்கி உங்களுக்கு நெசமாவே காய்ச்சல் வரும். இல்லாட்டி வேற ஏதாச்சும் செய்தி பாப்பீங்க. ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு விளக்கு எரியுமா எரியாதான்னு பாத்துட்டு உக்காந்திருக்க எனக்குத் தெம்பு இல்ல. சிறுமுகையில எங்க தாய்மாமன் வீடு இருக்கு. வெயில் ஊரு. அங்க போறோம். டீ பாக்டரி வேலைய விட்டுட்டேன், போனாப் போகுது. பாப்பா தேறினாப் போதும்."

பழத்தை வாங்கிக்கொண்டாள். ஃபேனை வாங்கிக்கொள்ளவில்லை.

இறங்கும்போது பெட்டி பின்னால் இருந்தது, ஃபேன் மறுபடி என் மடியில். நான் போனில் அந்தக் கம்பெனிக் கணக்கைத் திறந்து, தடுத்து வைத்திருந்த செய்திகளை எடுத்தேன். எட்டு இருந்தன.

"அண்ணே பாப்பாவுக்கு குளிருது." "வேல செஞ்சாக்கூட போதும்ணே, பச்ச எரிஞ்சாலும் கொஞ்சம் சூடு வரும்." "அண்ணே பாக்குறீங்களா?" "ஒரு தரம் பதில் போடுங்கண்ணே." இப்படியே போயிற்று. ஏழாவது செய்தி ஆஸ்பத்திரியிலிருந்து. "பாப்பாவ சேத்துருக்கோம்." எட்டாவது அதற்கு இரண்டு நாள் கழித்து வந்திருந்தது. "அண்ணே, நீங்க பதில் போடாததப் பாத்தா உங்களுக்குத்தான் என்னமோன்னு பயமா இருக்கு. மாரியம்மனுக்கு உங்க பேருக்கும் சேத்து காசு முடிஞ்சு வெச்சிருக்கேன்."

எங்கேயாவது வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடித்தான் எங்கே போவது? மதிவாணன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், குடித்தேன்.

மலையடிவாரம் வந்ததும், "குன்னூர்ப் பக்கம் ஒரு வீடு இருக்குதுங்க. அங்க வெச்சுரட்டுங்களா?" என்றார்.

இன்னொரு வீடா? அங்கே என்ன தேவையோ, என்ன தொந்தரவோ. என் சுகத்தையும் என் பாவத்தையும் இனி எவர் தலையிலும் கட்டக் கூடாது என்று ஒரு வேகம் வந்தது.

"என் வீட்லயே வெச்சுருங்க" என்றேன்.

"மேட்டுப்பாளையத்துலயா? மாசி பொறந்தாச்சு. பங்குனி, சித்திரை வருதுங்களே. பெட்டியும் தாங்காது, நீங்களும் தாங்க மாட்டீங்க. இருக்கறது ரெண்டு ரூம்னு சொன்னீங்க?"

"நான் தாங்கறேன். இத்தனை நாள் அடுத்தவங்க தாங்கலியா?" என்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டு, வண்டியிலேயே போட்டேன். மனசு லேசாயிற்று. முந்நூற்றெண்பது கிராம்தான் இருக்கும் போல.

வீட்டில் சுகந்தி இல்லை, மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். பெட்டி இழுக்கிற கரண்டுக்கு ஏற்ற பெரிய ப்ளக் முன்னறையில்தான் இருந்தது, அவள் பாடம் நடத்துகிற மேஜைக்குப் பக்கத்தில். அவள் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு அங்கே வைத்தோம். வாங்கிய ஃபேனும் வீணாகவில்லை. பெட்டியைப் பார்த்த மாதிரி வைத்து மூன்றாம் வேகத்தில் ஓடவிட்டேன். மதிவாணன் போனதும் ஆபீசிலிருந்து பாலத்தின் வரைபடத்தை இறக்கித் திறந்தேன். பச்சை விளக்கு எரிந்தது. அரை மணியில் அறை வெதுவெதுவென்று ஆயிற்று. வியர்த்தது. வியர்க்கட்டும் என்று இருந்தது. பல நாளுக்குப் பிறகு நான் செய்த ஒரே நல்ல காரியம் இதுதான் என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டேன்.

சுகந்தி காய்கறிப் பையோடு உள்ளே வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். ஃபேனைப் பார்த்தாள். தள்ளிப்போட்டிருந்த தன் நாற்காலியைப் பார்த்தாள். ஃபேன் காற்று பெட்டியில் மோதிக் கொண்டுவந்த வெக்கை நேராக அவள் முகத்தில் அடித்தது.

நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். தூளி, கொக்கி, நீலம் பாரித்த நகம், எட்டுச் செய்தி, மாரியம்மன். குழந்தை பிழைத்துவிட்டது என்றபோது அவள் கண்ணை மூடித் திறந்தாள். கடைசியாக, "அதனாலதான் இனிமே நம்ம வீட்லயே இருக்கட்டும்னு கொண்டாந்துட்டேன். நம்ம பாரத்த நாமளே சொமப்போம்" என்றேன்.

சுகந்தி பையைக் கீழே வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள்.

"ஏனுங்க," என்றாள், "என்னய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"